பசுமை மின் இலக்கும் பலவீனமான கட்டமைப்பும்: இலங்கை அனுபவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் மின்மாற்றியுடன் குரங்கொன்று தொடுகையுற்றதே காரணம் என்று துறைசார் அமைச்சர் தெரிவித்ததும், அந்தக் குரங்கு உலகச் செய்திகளில் இடம்பிடித்துவிட்டது. சிரித்து முடித்த பின்னர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. மின்நிலையங்களுக்குள் குரங்கும் அணிலும் பாம்பும் நுழைவது புதிதல்ல. அப்படியிருக்க, ஓர் உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு அங்கேயே அடங்காமல் நாடு முழுவதற்கும் ஏன் பரவியது?

இலங்கை மின்சார சபை அளித்த விளக்கத்தின் சாரம் இதுதான்: விடுமுறை நாளாகையால் மின் தேவை குறைவாக இருந்தது, நல்ல வெயில் அடித்ததால் சூரிய மின்சாரத்தின் பங்கு மிக உயர்ந்திருந்தது, அதனால் மின் கட்டமைப்பின் சடத்துவம், அதாவது திடீர் மாற்றத்தை எதிர்த்து நிற்கும் தன்மை, தாழ்ந்திருந்தது, அந்த நிலையில் நேர்ந்த திடீர் அதிர்ச்சியை அதனால் தாங்க முடியவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் செயலிழந்தன. அவற்றை மீண்டும் இயக்கப் பல நாட்கள் தேவைப்பட்டதால் தொடர்ந்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் நடைமுறைக்கு வந்தது.

இந்த விளக்கத்தைக் கேட்டு விவாதம் இரண்டாகப் பிரிந்தது. கூரைச் சூரிய மின்சாரமே குற்றவாளி என்று ஒரு சாரார் கூறினர்; சபை தன் திறமையின்மையை மறைக்கச் சூரியனைச் சாட்டுகிறது என்று மறுசாரார் கூறினர். குற்றவாளி ஒருவரே என்று கொள்வதுதான் இந்த விடயத்தில் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு. 2016 மார்ச் 13 அன்றும், 2020 ஓகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டியவில் தொடங்கிய கோளாறின்போதும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அக்காலத்தில் கூரைச் சூரிய மின்சாரத்தின் அளவு 2025இல் இருந்ததைவிட மிகக் குறைவு. கட்டமைப்பு அதற்கு முன்பே பலவீனமாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் காட்டி, சூரிய மின்சாரம் பெருகுவதால் எதுவும் மாறவில்லை என்று வாதிடுவதும் சரியல்ல. மாறியிருப்பது என்ன என்பதை விளங்கிக்கொள்ளாமல், 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம் என்ற இலக்கைப் புகழ்வதிலோ இகழ்வதிலோ பயனில்லை.

அந்த 70 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஓர் ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்ட சராசரி. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நீர்மின்சாரத்தின் துணையோடு இலங்கை பாதிப் பங்கை எட்டியிருக்கிறது. ஆகவே எஞ்சிய தொலைவு சிறிதென்று பலர் எண்ணுகின்றனர். கட்டமைப்போ ஆண்டுக் கணக்கில் இயங்குவதில்லை. உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால்தான், மின் அலை விநாடிக்கு எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்பதைக் குறிக்கும் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸில் நிற்கும். ஆண்டுச் சராசரியில் 70 சதவீதத்தை எட்ட வேண்டுமானால், சில நண்பகல்களில் நூறு சதவீதத்துக்கு மிக அருகில் இயங்கவும், மழையற்ற மாதமொன்றின் இரவில் அதற்கு மிகக் கீழே இயங்கவும் கட்டமைப்புத் தயாராக இருக்க வேண்டும். திட்ட ஆவணத்தில் ஒற்றை எண்ணாகத் தெரிவது, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு முற்றிலும் வேறுபட்ட இரண்டு சிக்கல்களாக வந்து சேர்கிறது.

நண்பகல் சிக்கலைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதிகம் தவறாகப் பேசப்படுவது அதுவே. நுரைச்சோலையின் ஒவ்வோர் அலகும் 300 மெகாவாட் திறன் கொண்டது. அவற்றை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தணித்து இயக்க முடியாது. முற்றாக நிறுத்தினால் மீண்டும் சூடேற்றி இணைக்க நெடுநேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்க, கூரைகள் முழு வேகத்தில் மின்சாரத்தை ஊட்டும்போது, கட்டுப்பாட்டாளர் முதலில் நீர்மின் நிலையங்களைக் குறைக்கிறார். அதன் பின் குறைப்பதற்கு நிலக்கரி மட்டுமே எஞ்சுகிறது. நிலக்கரி அலகொன்றை நிறுத்தினால், மாலை 6.30இலிருந்து 10.30 வரையிலான உச்ச நேரத்தில் விளக்குகள் எரியும்போது அந்த அலகு கைக்கு இராது. 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையையொட்டி, பகல் வேளைகளில் பிற்பகல் 3 மணி வரை தங்கள் சூரிய மின்தொகுதிகளைத் தாமாகவே நிறுத்தி வைக்குமாறு சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது இந்தக் கணக்கினால்தான். பணம் போட்டுப் பூட்டிய தொகுதியை நிறுத்தச் சொன்னால் எவருக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானதே, ஆயினும் அன்றைய கணக்கும் பொய்யல்ல.

சடத்துவம் என்பது இதே சிக்கலின் மறுபக்கம். அனல் நிலையத்திலும் நீர்மின் நிலையத்திலும் பல தொன் எடையுள்ள சுழலிகள் கட்டமைப்போடு ஒத்திசைந்து சுழல்கின்றன. காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தில் மிதிப்பதை நிறுத்திய பின்னரும் சக்கரம் சில சுற்றுகள் ஓடுவதைப் போல, எங்கோ ஒரு மின்பிறப்பாக்கி திடீரென விலகினாலும் எஞ்சிய சுழலிகள் தம்மிடமுள்ள இயக்க ஆற்றலைக் கொடுத்து அதிர்வெண் சரியும் வேகத்தைத் தணிக்கின்றன. அந்தச் சில விநாடிகளுக்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூரையிலுள்ள சூரியப் பலகைகளில் சுழல்வது எதுவுமில்லை. பலகையின் நேர்மின்னோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் கருவியான வழக்கமான இன்வேர்ட்டர், கட்டமைப்பின் அலையைப் பின்தொடர்ந்து மின்சாரத்தை ஊட்டுமேயன்றி அந்த அலையைத் தாங்கிப் பிடிக்காது. அயலாரின் கட்டமைப்போடு இணைந்த ஜேர்மனி இதை உணராமலே பல ஆண்டுகள் சமாளித்தது. கடலால் சூழப்பட்ட, யாரோடும் இணைக்கப்படாத சிறிய கட்டமைப்புக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. பழைய இயந்திரங்கள் மின்சாரத்தோடு சேர்த்து, எவரும் தனியே விலை கொடுக்காத இந்தச் சேவையையும் வழங்கி வந்தன. அவற்றை விலக்கும்போது இழந்த மெகாவாட்டை மட்டும் ஈடுசெய்துவிட்டு, இந்தச் சேவையைக் கணக்கில் எழுத மறப்பதுதான் கொள்கை வகுப்போர் செய்யும் மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து.

மறக்காமல் எழுதிய ஊரும் உண்டு. 2016 செப்டெம்பர் 28 அன்று புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து தென் அவுஸ்திரேலியா முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, காற்றாலைகளே காரணம் என்று அங்கும் அரசியல்வாதிகள் முழங்கினர். அம்மாநிலம் காற்றாலைகளைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரி நிலையம் வந்தது. பின்னர், மின்சாரம் பிறப்பிக்காமல் சடத்துவத்துக்காகவும் மின்னழுத்தத்துக்காகவும் மட்டும் சுழலும் நான்கு ஒத்தியங்கு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. 2020 செப்டெம்பர் முதல், புதிதாகப் பொருத்தப்படும் கூரைத் தொகுதிகள் அவசர வேளையில் தொலைவிலிருந்து நிறுத்தக்கூடியவையாக இருக்க வேண்டுமென்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

கடைசியில் சொன்ன அந்த விதி, அடுத்த தவறுக்கு நம்மை இட்டுச் செல்கிறது. ஒரு பெரிய நிலையத்தின் உற்பத்தி கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரியும். தொலைபேசியில் அழைத்துக் குறைக்கச் சொல்லலாம். பல்லாயிரம் வீட்டுக் கூரைகளில் சிதறிக் கிடக்கும் உற்பத்தி, தேவை குறைந்ததைப் போல மட்டுமே அங்கே தெரியும். கூரைச் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் சூரிய பல சங்கிராமய என்ற அரச திட்டம் 2016இல் தொடங்கிய காலத்தில் எத்தனை கூரைகள் சேர்ந்தன என்பதே சாதனையாக எண்ணப்பட்டது. இன்வேர்ட்டர்கள் எந்த அதிர்வெண்ணில் விலக வேண்டும், அவற்றை எங்கிருந்து கட்டுப்படுத்துவது என்பன பின்னர் பார்த்துக்கொள்ளத்தக்க சிறு விடயங்களாகக் கருதப்பட்டன. பின்னர் பார்ப்பதன் விலையை ஜேர்மனி அறியும். அதிர்வெண் 50.2 ஹேர்ட்ஸைத் தொட்டால் எல்லாத் தொகுதிகளும் ஒரே நேரத்தில் விலக வேண்டும் என்று அங்கே முன்னர் விதித்திருந்தனர். தொகுதிகள் பெருகியபோது அந்த விதியே ஆபத்தாகிவிட்டதால், 2012இல் தனியே ஒரு கட்டளை பிறப்பித்து, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளை மாற்றியமைக்க நேர்ந்தது. பொருத்தும் நாளில் ஓர் அமைப்பை மாற்றுவது சில நிமிட வேலை. பத்தாண்டு கழித்து வீடு வீடாகச் சென்று மாற்றுவது தேசியத் திட்டம்.

சடத்துவம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டவர்கள் அதையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லத் தொடங்குவதும் உண்டு. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்த்துக்கலும் மின்சாரத்தை இழந்தபோது உடனே அவ்வாறுதான் பேசப்பட்டது. விசாரணைகள் காட்டியதோ மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்து, அதனால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிய கதை. நோய் எது என்று அறியாமல் மருந்து வாங்கக் கூடாது.

பற்றரி விடயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. விநாடிகளுக்குள் பாய்ந்து அதிர்வெண்ணைத் தாங்கும் பற்றரி வேறு. நண்பகல் வெயிலை மாலை நான்கு மணி நேரத்துக்கு நகர்த்தும் சேமிப்பு வேறு. அறிக்கையொன்று ஒரு கணத்தில் எவ்வளவு தரலாம் என்ற மெகாவாட்டை மட்டும் சொல்லி, மொத்தம் எவ்வளவு சேமிக்கலாம் என்ற மெகாவாட் மணியைச் சொல்லாமல் விட்டால் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியாது. நீண்ட நேரச் சேமிப்புக்காக மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று மின்நிலையம், அதாவது மிகுதி மின்சாரத்தால் நீரை மேலேற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் பெறும் நிலையம், திட்டமிடப்பட்டுள்ளது. அத்தகைய நிலையங்களைக் கட்டிமுடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். தமிழ்நாட்டின் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களிலிருந்தே இருப்பதை நினைத்தால், இது புதுமையான தொழில்நுட்பமல்ல, தள்ளிப்போடப்பட்ட வேலை என்பது விளங்கும். இருக்கின்ற நீர்த்தேக்கங்களையே சேமிப்பாகப் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் அடிக்கடி வரும். ஓரளவு முடியும், ஆனால் மகாவலியின் நீர் முதலில் வயலுக்கும் குடிநீருக்கும் உரியது, அதன் விக்டோரியா நீர்த்தேக்கத்திலிருந்து எப்போது எவ்வளவு திறப்பது என்பதை மின் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை.

மின்நிலையத்தை அறிவித்த பின் மின்வழியைப் பற்றிச் சிந்திப்பது பழைய பழக்கம். காற்று வளம் மன்னாரிலும் பூநகரியிலும் இருக்கிறது, நுகர்வு கொழும்பிலும் மேல் மாகாணத்திலும் இருக்கிறது. மன்னாரில் 2020இல் இயங்கத் தொடங்கிய 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை இரவிலும் சுழல்வதால் மாலை உச்சத்துக்கு ஏற்றது. ஆனால் மன்னார் வலசைப் பறவைகளின் வழியில் இருப்பதும், அங்குள்ள மக்களின் எதிர்ப்பும், 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் 484 மெகாவாட் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டதும், காற்று வீசும் இடமெல்லாம் கோபுரம் நடலாம் என்ற எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கியுள்ளன. இந்தியாவோடு கடலடி இணைப்பு வந்தால் எல்லாம் சரியாகும் என்று பேசப்படுவதையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்; நேர்மின்னோட்ட இணைப்பு மின்சாரத்தை விரைந்து கொண்டுவரக்கூடும், ஆனால் அக்கரையில் சுழலும் இயந்திரங்களின் சடத்துவம் அதன் வழியே தானாக வந்துவிடாது.

இனி வீட்டுக்காரர் செய்யும் தவறுகள். கூரையில் சூரியப் பலகை இருந்தால் மின்தடையின்போது வீட்டில் வெளிச்சம் இருக்கும் என்று பலர் நம்புகின்றனர். பற்றரி இல்லாத வழக்கமான தொகுதி, கட்டமைப்பு செயலிழந்ததும் தானும் நின்றுவிடும். பழுது பார்க்க மின்கம்பத்தில் ஏறுபவரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. விற்று வரும் வருமானத்தை மட்டும் எண்ணி, தேவைக்கு மிஞ்சிய பெரிய தொகுதியைப் பூட்டுவது இன்னொரு தவறு. நண்பகல் மின்சாரம் ஏற்கெனவே மிகுதியாக உள்ள நாட்டில் அதற்குத் தரப்படும் விலை உயர்ந்துகொண்டே போகாது. வாங்குவதற்கு முன், இன்வேர்ட்டர் பின்னாளில் பற்றரி சேர்க்க இடம் தருகிறதா, தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வசதி அதில் உண்டா, அதிர்வெண் சற்றுச் சரிந்ததுமே விலகாமல் தாங்கி நிற்கும்படி அது அமைக்கப்பட்டுள்ளதா என்று பொருத்துநரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நீரிறைக்கும் மோட்டாரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் நண்பகலில் இயக்குவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.