கோடை விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கலைப் பட்டறை: டெல்டா கிராமத்துக்கான செய்முறை

ஆசிரியர் கிடைத்துவிட்டார், கொஞ்சம் பணமும் சேர்ந்துவிட்டது, இனி நோட்டீஸ் அடிக்க வேண்டியதுதான் என்று நினைக்கிற இடத்தில்தான் பல ஊர்களில் பட்டறை சறுக்குகிறது. முதல் நாள் இடம் கொள்ளாத கூட்டம். இரண்டாம் வாரம் பாதி. கடைசி நாளில் பார்த்தால் ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். இதற்குக் கலைஞரோ கலையோ காரணமில்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதை அவசரத்தில் முடிவு செய்ததுதான் காரணம். அதனால் இந்தக் குறிப்பில் அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கணக்கு இதுதான்: 10 முதல் 15 வயது வரை 24 பிள்ளைகள், பெரியவர்கள் மூன்று பேர் (ஒருவராவது பெண்), 4 வாரம், வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 2 மணி நேரம். ஒரு கைவேலை, ஒரு ஆட்டக்கலை. கைவேலைக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, ஆட்டத்துக்குத் தப்பு எனப்படும் பறை. ஓவியம், பாட்டு, சிலம்பம், நாடகம் என்று எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் திணிக்காதீர்கள். எதுவும் கைக்கு வராமல் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள்.

1. மாதம்

ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி மே கடைசிக்குள் முடித்துவிடுங்கள். சம்பா, தாளடி அறுவடை முடிந்து, உளுந்து பயறும் எடுத்து, வயல் பெரும்பாலும் சும்மா கிடக்கும் காலம் அது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை ஆரம்பம். பெரிய பிள்ளைகளை நாற்றங்கால் பக்கம் பார்க்கலாம், பட்டறையில் பார்க்க முடியாது.

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கோடைப் பருத்தி போடும் ஊராக இருந்தால் மே மாதத்தில் காலை வகுப்பே வேண்டாம். அம்மாவோடு பருத்தி எடுக்கப் போகும் பிள்ளைகள் மதியத்துக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார்கள்.

ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டும் நாளைக் கேட்டுக்கொண்டு, அந்த வாரத்தை விட்டுவிட்டு அட்டவணை போடுங்கள். தப்புக் கலைஞர்களுக்கும் பங்குனி, சித்திரை, வைகாசிதான் வேலை குவியும் மாதங்கள். மாசியிலேயே பேசி முன்பணம் கொடுத்தால்தான் சித்திரையில் வருவார்கள். கோயில் நிகழ்ச்சிக்கு ஒரு நாளைக்கு என்ன வாங்குவாரோ அதைக் கேட்டு, அதற்குக் குறையாமல் பட்ஜெட்டின் முதல் வரியாக எழுதுங்கள். சேவை என்று சொல்லிக் கலைஞரின் கூலியைக் குறைப்பது எனக்குச் சம்மதமில்லை.

2. இடம்

இங்கேதான் நிதானம் வேண்டும். கோயில் மண்டபம் நிழலாக இருக்கும், வாடகையும் இல்லை. ஆனால் ஆதிதிராவிடர் தெருப் பிள்ளை அங்கே வந்து உட்காருமா? சமுதாயக் கூடம் நல்ல கட்டடம்தான். அது எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவுக்குச் சொந்தம் என்பதுதான் பல ஊர்களில் நடைமுறை. யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள், "வராதே" என்ற சொல்லே எழாது, ஆனாலும் வர மாட்டார்கள்.

ஆகவே ஒரு இடத்தைப் பார்க்கப் போகும்போது ஊர்த் தெரு, ஆதிதிராவிடர் தெரு இரண்டிலிருந்தும் தலா ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இருவரும் தயங்காமல் உள்ளே ஏறி உட்கார்கிறார்களா, வாசலிலேயே நிற்கிறார்களா என்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை கிடையாது. என் அனுபவத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிதான் முதல் தேர்வு, அடுத்தது கிளை நூலகம். நெல் களம் திறந்த வெளி என்பதால் ஆட்டத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் கோடை நெல் போட்ட ஊரில் மே மாதம் களம் காலியாக இருக்காது.

பள்ளியைக் கேட்பதென்றால் தலைமையாசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வையுங்கள். மார்ச் 22 கிராம சபையில் இதை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் போட்டுவிட்டால் இன்னும் பலம். மே 1 கிராம சபைக்குக் காத்திருந்தால் பட்டறை தொடங்கும் நாளே தாண்டிவிடும்.

அனுமதி கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய அடுத்த பொருள் கழிப்பறைச் சாவி. விடுமுறையில் தூய்மைப் பணியாளர் வர மாட்டார், சாவி யாரிடம் என்றே தெரியாது, தொட்டியில் தண்ணீரும் இருக்காது. பையன்கள் சமாளித்துக்கொள்வார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் மூன்றாம் நாளிலிருந்து நின்றுவிடுவார்கள். சாவியை வாங்கி, வாரத்துக்கு மூன்று முறை கழுவ ஆள் பேசி, அந்தக் கூலியையும் பட்ஜெட்டில் சேருங்கள். குடிதண்ணீர் ஒரே பானையில், எல்லாருக்கும் ஒரே டம்ளர்களில். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன அன்றே தெருவுக்குத் தெரு கூட்டம் பிரிந்துவிடும்.

3. நேரம்

மாலை 4:15 முதல் 6:15 வரை. மே மாதம் நம் பக்கம் ஆறரை வாக்கில் பொழுது சாயும். வெளிச்சம் இருக்கும்போதே பெண் பிள்ளைகள் வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று ஒரு நாள் 6:45 ஆக்கினால் மறுநாள் நாலு பேர் வர மாட்டார்கள். பக்கத்துக் குக்கிராமத்துப் பிள்ளைகள் இருந்தால் மினி பஸ் நேரத்தைக் கேட்டு, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் முடியுங்கள்.

செவ்வாய், வியாழன், சனி என்று நாள் விட்டு வைப்பதற்குக் காரணம் பொம்மை. ஒட்டிய காகிதம் காய இடைவெளி வேண்டும்.

4. பெற்றோர் கூட்டம்

வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு அரை மணி நேரம் போதும். ஒப்புதல் படிவத்தில் நான்கு விவரம்: பிள்ளையின் வயது, யார் வந்து அழைத்துப் போவார், உடல்நலப் பிரச்சினை ஏதும் உண்டா, படம் எடுக்கச் சம்மதமா. சம்மதம் தராத வீட்டுப் பிள்ளையின் படம் வாட்ஸ்அப் குழுவில்கூட வரக்கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மட்டும் தனி அறையில் இருக்கக் கூடாது என்ற விதியைப் பெற்றோர் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தப்பு என்றதும் "சாவு மேளத்தை ஏன் புள்ளைக்குக் கத்துக் குடுக்கறீங்க?" என்று ஒரு குரல் வரும். வரட்டும். தொல்காப்பியம் கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது என்பதெல்லாம் உண்மை, ஆனால் அந்தக் கூட்டத்தில் அது எடுபடாது. கலைஞரையே கூட்டத்துக்கு அழைத்து, எல்லாரோடும் சமமாக நாற்காலியில் உட்கார வைத்து, பத்து நிமிடம் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அவரே பேசட்டும். அவரைப் பிள்ளைகள் "ஐயா" என்றோ "ஆசான்" என்றோ அழைக்க வேண்டும் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். பேரன் வயதுப் பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

5. வாங்க வேண்டியவை (24 பேருக்கு)

பழைய செய்தித்தாள் 5 கிலோ, மைதா 2 கிலோ, களிமண் 6 கிலோ, சலித்த ஆற்று மணல் ஒன்றரை கிலோ, சாக்பவுடர் 1 கிலோ, ஃபெவிகால் 2 கிலோ, 10 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் பந்து 12 (இரண்டாக வெட்டினால் 24 அச்சு), டேபிள் டென்னிஸ் பந்து 24, பழைய நோட்டு அட்டை, 120 மற்றும் 220 எண் உப்புத்தாள், அக்ரிலிக் வண்ணம், 2, 4, 8 எண் தூரிகைகள். போஸ்டர் கலர் மலிவு, ஆனால் வியர்த்த கை பட்டால் கரையும். டெல்டா வெயிலில் யாருக்குத்தான் கை வியர்க்காது? அக்ரிலிக்கே வாங்குங்கள்.

எவர்சில்வர் கிண்ணத்தை அச்சாக வைக்கலாமே என்று தோன்றும். அதன் அடி தட்டை. பொம்மை ஆடாது.

6. பொம்மை

முதல் நாள்: களிமண்ணில் நாலில் ஒரு பங்கு மணல் கலந்து பிசையுங்கள். மணல் இல்லாவிட்டால் காயும்போது வெடிக்கும். ஆளுக்கு 250 கிராம் உருண்டையை, பிளாஸ்டிக் தாள் விரித்த அரைப்பந்துக்குள் வைத்து அழுத்தி, மேற்பரப்பைத் தட்டையாக்கி, தாளோடு வெளியே எடுத்து நிழலில் வைத்துவிடுங்கள். வெயிலில் வேண்டாம். அடுத்த ஒரு வாரத்துக்கு அதற்கு வேலை இல்லை.

இரண்டாம், மூன்றாம் நாள்: 200 கிராம் மைதாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சினால் 12 பேருக்குப் பசை. பொம்மைத் தொழிலில் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் பசையில் கூடவே கூடாது. அன்றன்று காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள். காகிதத்தை 2 செ.மீ. அகலத்துக்குக் கையால் கிழியுங்கள், கத்தரிக்காதீர்கள். கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று படியும். அரைப்பந்தின் வெளிப்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, முதல் அடுக்கை வெறும் தண்ணீரில் ஒட்டி, மேலே ஐந்து அடுக்கு பசையில் ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு மூன்று அடுக்குக்கு மேல் போனால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும்.

காய வைக்கும்போது கவனம். அச்சிலிருந்து கழற்றிய காகித ஓட்டைத் தரையில் நிமிர்த்தி வைத்தால் அடிப்பாகம் காசளவு தட்டையாகிவிடும். அந்தத் தட்டை ஒன்று போதும், முடிந்த பொம்மை ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிடும். பழைய புடவையைக் கிழித்து ஆளுக்கு ஒரு சின்னச் சும்மாடு சுருட்டி, அதன்மேல் வையுங்கள்.

நான்காம், ஐந்தாம் நாள்: காய்ந்த களிமண்ணை ஓட்டுக்குள் ஃபெவிகால் ஊற்றிப் பதியுங்கள். காயும்போது மண் சுருங்கியிருக்கும். சுற்றியுள்ள இடைவெளியை ஃபெவிகாலில் குழைத்த காகிதக் கூழால் அடையுங்கள். ஈர மண்ணை வைத்து மூடிவிட்டால் உள்ளேயே சுருங்கிக் கழன்று 'லொட லொட' என்று ஆடும், காகிதமும் ஊறிப்போகும். பிறகு நோட்டு அட்டையில் 12 செ.மீ. உயரக் கூம்பு செய்து மேலே ஒட்டி, உச்சியில் டேபிள் டென்னிஸ் பந்தைத் தலையாக வைத்து, இரண்டே அடுக்கு காகிதம் சுற்றுங்கள். பந்தின் எடை 2.7 கிராம்தான். தலைக்குக் களிமண் உருண்டை வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் பொம்மை விழுந்தால் எழுந்திருக்காது. அடி அரைக்கோளத்தின் மையத்துக்குக் கீழே மொத்த எடையின் மையம் இருந்தால்தான் அது நிமிரும். அதனால்தான் கனமெல்லாம் அடியில், மேலே எல்லாம் வெறும் கூடு.

ஆறாம் நாள், வண்ணத்துக்கு முன்பு, ஒவ்வொரு பொம்மையையும் மேசையில் படுக்க வைத்து விடுங்கள். தானாக எழுந்து ஆடி நின்றால் சரி. எழாவிட்டால் கூம்பை இரண்டு செ.மீ. குறைத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். வண்ணம் அடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் பிள்ளை அழும்.

பிறகு சாக்பவுடர், ஃபெவிகால், தண்ணீர் கலந்த பூச்சு இரண்டு முறை, இடையில் உப்புத்தாள். எட்டாம் நாளிலிருந்து வண்ணம். எல்லாரும் ராஜா ராணியே செய்ய வேண்டியதில்லை. நாற்று நடும் பாட்டியும் நாகஸ்வரக்காரரும் தலையாட்டட்டும்.

7. தப்பு

24 தப்பு தேவையில்லை, 6 போதும். முதல் மூன்று நாள் கருவியே தராமல் தாளச் சொல்லைக் கைதட்டிச் சொல்லி, கால் அடவு மட்டும். நாலாம் நாளிலிருந்து ஆறு ஆறு பேராகச் சுழற்சி. மற்றவர்கள் பழைய டயரில் குச்சிப் பழக்கம் செய்யலாம். இடக்கையில் மெல்லிய நீண்ட சிண்டு, வலக்கையில் குட்டையான அடிகுச்சி. இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் பிள்ளைக்கு மறுநாள் மணிக்கட்டு வலிக்கும். ஆசான் ஒவ்வொரு கையாகத் தொட்டுத் திருத்த நேரம் கொடுங்கள்.

தோலைத் தீயில் காய்ச்சுவது ஆசானின் வேலை. வைக்கோல் தீயிலிருந்து பிள்ளைகள் ஐந்து அடி தள்ளி நிற்கட்டும், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். வகுப்பு முடிந்ததும் "ஆத்துக்குப் போய்க் குளிச்சுட்டு வரோம்" என்று கிளம்புவார்கள். விடக் கூடாது. கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்கள் கோடையிலும் ஆழமாக இருக்கும்.

8. கடைசி நாள்

அதே பள்ளி வளாகம், மாலை 5:30 மணி, 40 நிமிடம். மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை எதுவும் வேண்டாம். தப்புக்கு மைக்கும் வேண்டாம். பொம்மைகளை ஒரே மேசையில் தெருவாரியாக இல்லாமல் கலந்து வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பொம்மையைத் தட்டிவிட்டுப் பெயர் சொல்லட்டும்.

பிற்சேர்க்கை

மழைக்காலத்தில் நடத்தலாமா என்று பலர் கேட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடு காய நாலைந்து நாள் ஆகும், தப்பும் காய்ச்சிய சற்று நேரத்தில் தொய்ந்துவிடும். அந்த மாதங்களில் பொம்மையை விட்டுவிட்டு நெட்டி (நீரில் வளரும் செடியின் லேசான தண்டு) வேலை வையுங்கள். அதற்குப் பசை ஈரம் காயக் காத்திருக்க வேண்டியதில்லை. தப்புக்கு, பழகும் வரை மட்டும் செயற்கைத் தோல் பரவாயில்லை.

பொம்மையைக் கரப்பான் அரிக்கிறது என்றார் ஒருவர். அடிப்பக்கத்தில் வண்ணம் படாத இடம் இருந்திருக்கும். கடைசியில் வார்னிஷ் ஒரு கை, அடியையும் சேர்த்து, பெரியவர்கள் அடிக்க வேண்டும்.

ஆறு தப்பையும் எங்கே வைப்பது என்பதும் வந்த கேள்வி. பள்ளி ஸ்டோர் ரூம் வேண்டாம், எலி தோலைக் கடித்துவிடும். ஆசான் வீட்டில், சுவரில் ஆணியடித்து மாட்டி வைக்கலாம். ஆறுக்கும் எண் போட்டு, யார் எடுத்துப் போனார் என்று எழுத ஒரு நோட்டு. ஞாயிற்றுக்கிழமை பழக வரும் பிள்ளைகள் அங்கேயே போய் எடுத்துக்கொள்வார்கள்.