ஹார்ப்சிகார்டு, ஆர்கன் கலைஞராக வர நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பியானோவிலிருந்து வருபவர்கள் முதலில் செய்வது, சத்தம் போதவில்லை என்று, பியானோவுக்கு முந்தைய தந்தி வாத்தியமான ஹார்ப்சிகார்டின் கட்டையை ஓங்கி அடிப்பது. பியானோவில் சுத்தி தந்தியை அடிக்கிறது, அதனால் விரலின் வேகம் ஒலியில் தெரியும். ஹார்ப்சிகார்டில் சின்ன முள் ஒன்று, அந்தக் காலத்தில் இறகுத் தண்டைச் சீவிச் செய்தது, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக், தந்தியைச் சுண்டிவிட்டுப் போகிறது. ஓங்கி அடித்தால் கட்டையின் தடதடப்புதான் கூடும். சரி, அப்படியானால் வாசிப்பில் உணர்ச்சி எங்கிருந்து வரும்? நேரத்திலிருந்து. ஒரு ஸ்வரத்துக்கு முன்னால் நூலிழை இடைவெளி விட்டால் அது அழுத்தமாகக் கேட்கும், முந்தைய ஸ்வரத்தை விடாமல் பிடித்திருந்தால் ஒலி நிறையும், நாலைந்து ஸ்வரங்கள் சேர்ந்து வருமிடத்தில் கீழிருந்து மேலாக மெல்ல உதிர்த்தால் குழையும். நெதர்லாந்தின் ஹார்ப்சிகார்டு, ஆர்கன் கலைஞர் குஸ்தாவ் லியோன்ஹார்ட் வாசித்த பதிவு எதையாவது இதற்காகவே உட்கார்ந்து கேளுங்கள்.

சுருதி சேர்க்க ஆள் வரும் என்று காத்திருப்பது அடுத்தது. அரங்கின் ஈரப்பதம் கொஞ்சம் மாறினாலே சுருதி விலகிவிடும், இடைவேளையில்கூடச் சுருதி சேர்க்கும் சாவியைக் கையில் எடுக்க வேண்டிவரும். இது உங்கள் வேலைதான்.

தனிக் கச்சேரியை மட்டும் கனவு காணாதீர்கள். அழைப்பு பெரும்பாலும் பாடகருக்கும் குழுவுக்கும் பின்னால் கன்டின்யுவோ வாசிக்கத்தான் வரும்: இடது கைக்குக் கீழ்வரி, அதன் மேல் எந்த ஸ்வரங்கள் சேர வேண்டும் என்று காட்டும் சில எண்கள், மற்றதை வலது கை அங்கேயே உருவாக்க வேண்டும். இதை ஒதுக்கிய எத்தனையோ நல்ல விரல்கள் வேலையில்லாமல் நிற்கின்றன. லியோன்ஹார்ட்டே 1971 முதல் 1990 வரை இசை நடத்துநர் ஆர்னன்கூர்ட்டோடு, இசையமைப்பாளர் பாகின் (Bach) கான்டாட்டா எனும் பாட்டும் வாத்தியமும் சேர்ந்த படைப்புகளின் பதிவுகளைப் பங்கிட்டுக்கொண்டவர்.

தேவாலயத்தில் ஆர்கன், அதாவது குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் வாத்தியம், வாசிக்கும் வேலையைத் தாழ்வாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். லியோன்ஹார்ட்டே ஆம்ஸ்டர்டாமின் வால்ஸ் கெர்க், அப்புறம் நியூவே கெர்க் ஆகிய தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். வால்ஸ் கெர்க்கில் இருக்கும் ஆர்கன் 1734இல் கிறிஸ்டியன் முல்லர் கட்டியது. அப்படிப்பட்ட வாத்தியத்தின் முன் வாராவாரம் உட்காரக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஓர் ஆர்கன் போல இன்னொன்று இருக்காது. எந்தக் குழாய் வரிசையை எங்கே திறப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கச்சேரியன்று போய் இறங்காதீர்கள். முந்தைய நாளே போங்கள், யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு கீழே நடந்து போய் மக்கள் உட்காரும் இடத்தில் நின்று கேளுங்கள். மேலே இரைச்சலாகத் தெரிந்தது அங்கே சரியாக இருக்கலாம். பெரிய கட்டடத்தில் எதிரொலி தாமதமாக வரும், அதைக் கேட்டு வாசித்தால் தாளம் இழுத்துக்கொண்டே போகும்.