கனிந்த வாழைப்பழத்தைக் காப்பாற்றும்போது செய்யக் கூடாதவை

போன அமாவாசைக்கு நாலைந்து நாள் கழித்து உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் பாம்பனில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மிஞ்சிய வாழைப்பழத்தை வில்லை போட்டு, மொட்டைமாடியில் காயவைத்து, பிளாஸ்டிக் டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். "மூணு நாள் நல்ல வெயில்க்கா, பாருங்க" என்று மூத்தவள் மூடியைத் திறந்தாள். நான் பழத்தைப் பார்க்கவில்லை. மூடியின் உட்புறத்தைப் பார்த்தேன். ஊசிமுனை அளவில் நீர்முத்துகள் நெருக்கமாக நின்றன.

"எப்பம்மா அடைச்சீங்க?"

"நேத்து சாயங்காலம்க்கா. காத்துப் படக் கூடாதுன்னு மாடியிலருந்து எடுத்த சூட்டோட அடைச்சிட்டோம்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதுதான், அதற்குச் சொன்ன காரணமும் இதுதான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்களுக்கு ராமேசுவரத்தில் சின்னப் பழக்கடை. அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களை நம்பித்தான் சரக்கு இறக்குவோம். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் தார் தாராக வரும். மறுநாளே கூட்டம் வடிந்துவிடும், பழம் நின்றுவிடும். இது போக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஊரில் காசு புழங்காது. வெயில் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். காலையில் காயாகப் பார்த்தது மறுநாள் கனிந்து நிற்கும். பாடுபட்டு விளைவித்த பழத்தைக் குப்பையில் கொட்ட மனம் வராமல்தான் வத்தலும் அல்வாவும் போட ஆரம்பித்தேன்.

கையைக் கழுவ வேண்டும், பாத்திரத்தில் ஈரம் இருக்கக் கூடாது என்பதெல்லாம் அடுப்படியில் நிற்கிற எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்"

பழம் மிஞ்சுகிறது என்று தெரிந்த அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். தோல் முழுக்க மஞ்சளாகி, ஒன்றிரண்டு கரும்புள்ளி விழுந்து, அமுக்கினால் இன்னும் திடமாக இருக்கிற பழம் வத்தலுக்கு. புள்ளி நெருங்கிப் பரவி, தொட்டால் குழைகிற பழம் அல்வாவுக்கும் பணியாரத்துக்கும். தோல் கறுத்துப்போயும் உள்ளே சதை சுத்தமாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அன்றைக்கே கோதுமை மாவில் கரைத்து அப்பம் சுட்டுவிடுங்கள். கள் வாடை வந்துவிட்டால், காம்படியில் நீர் கசிந்தால், உரக்குழிக்குத்தான்.

புதிதாகச் செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். திடமான பழத்தை விற்றுவிடலாம் என்று வைத்துக்கொண்டு, குழைந்ததை வத்தலுக்கு எடுக்கிறார்கள். குழைந்த பழம் கத்தியில் ஒட்டும், தட்டில் பரவும், ஓரம் காய்ந்து நடு காயாமல் நிற்கும். காய் பழுக்கும்போது உள்ளே இருக்கிற மாவு சர்க்கரையாக மாறுகிறது. அந்த மாற்றம் முடிந்தும் சதை உடையாமல் இருக்கிற ஒன்றிரண்டு நாள்தான் வத்தலுக்கு உரிய நாள். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காது.

ரகம் என்று கேட்டால், எனக்குக் கைவந்தவை கற்பூரவல்லியும் பூவனும். ரஸ்தாளி கனிந்தால் காம்பை விட்டு உதிர்ந்துவிடும். பிரிக்கும்போது முதலில் அதைக் கவனியுங்கள்.

தாரை மொத்தமாக வைத்திருப்பது

பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அது பக்கத்துப் பழத்தையும் பழுக்கவைக்கிறது, அதுவும் வாயு விடுகிறது. ஒரு சீப்பில் ஒரு பழம் முந்திக்கொண்டால் மற்றவையும் பின்னாலேயே வருவது இதனால்தான். நம் பெரியவர்கள் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைத்ததும் இதே வழிதான். புகையிலும் எத்திலீன் உண்டு. ஆகவே கனிந்ததையும் தோல் கீறியதையும் எடுத்து விலக்கிவிட்டு, மீதியைக் காற்றாடத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் வாயு உள்ளேயே தங்கி வேகம் கூடிவிடும்.

பிரிட்ஜ்

காயை வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்காய்க்குக் குளிர் தாக்கிவிடும். வெளியே எடுத்த பிறகும் ஒழுங்காகப் பழுக்காது. முழுக்கப் பழுத்ததை வைக்கலாம். தோல் கறுக்கும், சதை சில நாள் தாங்கும். பிரீசரில் வைப்பதானால் உரித்து, துண்டு போட்டு வையுங்கள். தோலோடு உறைந்த பழத்தை உரிப்பது பெரும்பாடு.

சூட்டோடு அடைப்பது

இதைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

கீழக்கரையில் ஒரு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), துபாயில் வேலை பார்க்கும் மகனுக்கும் அவனோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று பழ வத்தல் கேட்டிருந்தார். எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். 60 கிலோ கற்பூரவல்லி எடுத்தேன். உரித்தபோது 40 கிலோ சதை. வில்லை போட்டு, எலுமிச்சை நீரில் முக்கி எடுத்து, சித்திரை வெயிலில் மூன்று தவணையாகக் காயவைத்தேன். மொத்தம் 16 கிலோ வத்தல் வந்தது. நிறைய தேறியிருக்கிறது என்று மனம் நிறைந்துபோனேன். மாலையில் மாடியிலிருந்து எடுத்ததும் சூடு ஆறும் முன்னே டப்பாக்களில் அழுத்தி நிரப்பி, மூடிமேல் டேப் சுற்றி அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது வாரம் லாத்தா போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "புள்ள டப்பாவத் திறந்தானாம், பஞ்சு மாதிரி பூத்துக் கெடக்காம்மா" என்று மட்டும் சொன்னார். வாங்கிய பணத்தை முழுக்கத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் மிச்சம் வைத்திருந்த ஒரு டப்பாவை அன்றிரவு திறந்து பார்த்தேன். மேலடுக்கு அழகாக, தேன் நிறத்தில் இருந்தது. அதை விலக்கினால் நடுவில் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் மயிர் மயிராகப் பூசணம். லேசான கள் வாடை.

எங்கே தவறியது என்பது பிறகுதான் பிடிபட்டது. பழச்சதையில் முக்கால் பங்கு தண்ணீர். வெயில் முதலில் வில்லையின் மேற்புறத்தைத்தான் உலர்த்தும். உள்ளே இருக்கிற ஈரம் மெதுவாகத்தான் வெளியே வரும். கையால் தொட்டால் காய்ந்தது போலவே தெரியும். அதைச் சூட்டோடு அடைத்தால், உள்ளிருக்கும் சூடான காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து மூடியில் நீராகப் படியும். அந்த நீர் சொட்டும் இடத்தில் பூசணம் பிடிக்கும். ஒரு வில்லையில் பிடித்தால் போதும்.

நம் கரையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. இங்கே வெயில் கொளுத்தும், காற்று மட்டும் ஈரம். பொழுது சாய்ந்ததும் கடல் காற்று அந்த ஈரத்தை மாடிக்குக் கொண்டுவரும். சர்க்கரை நிறைந்த வத்தல் அதை உறிஞ்சும். மேலே வேட்டியைப் போர்த்தி ராத்திரி முழுக்க மாடியிலேயே விட்டால், பகலில் உலர்ந்ததில் பாதி திரும்பிவிடும். நான் இப்போது நாலு மணிக்கெல்லாம் தட்டுகளைக் கீழே இறக்கிவிடுகிறேன். நிழலில் ஆறவைத்து, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்து, மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் மறுபடி பரப்புகிறேன்.

காய்ந்ததா என்று மூன்று விதமாகப் பார்ப்பேன். முதலில் எடை. உரித்த சதை 4 கிலோ என்றால் வத்தல் ஒன்றேகால் கிலோ அளவுக்கு இறங்க வேண்டும். ஒன்றரையில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. என்னுடைய 40 கிலோவுக்குப் பன்னிரண்டரை கிலோதான் வந்திருக்க வேண்டும். நிறைய தேறிவிட்டது என்று நான் பூரித்த அந்த மூன்றரை கிலோ, தண்ணீர். அடுத்தது பிய்த்துப் பார்ப்பது. தட்டின் நடுவிலிருந்து தடித்த வில்லை ஒன்றை எடுத்து, ஆறிய பிறகு பிய்த்து, பிய்ந்த ஓரத்தை இரண்டு விரலால் அழுத்துங்கள். ஈரம் கசியவே கூடாது. தோல் போல மடங்க வேண்டும், ஒடியவும் கூடாது.

மூன்றாவது, யாருக்கும் பொறுமை இல்லாதது. ஆறிய வத்தலைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் போட்டு மூடி, ஏழு நாள் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். தடித்த வில்லையில் மிஞ்சிய ஈரம் மெலிந்ததற்குப் போய் எல்லாம் ஒரே பதத்துக்கு வரும். இடையில் ஒரு நாள் ஜாடிச் சுவரில் ஆவி தெரிந்தாலும் அவ்வளவையும் கொட்டி மறுபடி வெயிலில் போடுங்கள். ஏழு நாளும் கண்ணாடி தெளிவாக இருந்த பிறகே டப்பா. கண்ணாடி ஜாடி என்று சொல்வதற்குக் காரணமே உள்ளே தெரிய வேண்டும் என்பதுதான்.

சில வாரம் கழித்து வத்தலின் மேல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பதற வேண்டாம். அது சர்க்கரையாகவும் இருக்கலாம். ஒரு சொட்டு தண்ணீர் வைத்துப் பாருங்கள். கரைந்தால் சர்க்கரை. மயிர் மயிராக நின்றால், அல்லது பச்சை, சாம்பல் சாயல் இருந்தால் பூசணம். சந்தேகமாக இருந்தால் பூசணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வில்லையை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைத் தின்னக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. டப்பா முழுவதும் குழிக்குப் போக வேண்டும்.

கருவாடு காயவைத்த பாய்

வேண்டாம். எத்தனை முறை அலசியிருந்தாலும் வேண்டாம்.

கச்சான் காற்றில் திறந்த தட்டு

ஆனி, ஆடியில் மண் பறக்கும். கொசுவலை ஈயைத் தடுக்கும், மண்ணைத் தடுக்காது. பாலித்தீன் கூரை போட்ட சோலார் டிரையர் இருந்தால் அதில் வையுங்கள். அது இல்லாத வருஷங்களில் அந்த இரண்டு மாதம் நான் வத்தலே போட்டதில்லை.

ஐப்பசியில் வத்தல்

போடாதீர்கள். அல்வா கிண்டுங்கள்.

கல்லுக் கல்லாக மஞ்சள் பழம்

தோல் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், காம்பு பச்சையாக நிற்கும், உள்ளே இனிப்பு ஏறியிருக்காது. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். சட்டப்படி தடை செய்யப்பட்ட பொருள் அது. வத்தலுக்கும் அல்வாவுக்கும் இந்தப் பழத்தை வாங்காதீர்கள்.

கருப்பட்டியை அப்படியே போடுவது

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு வெள்ளைச் சீனியில் வாழைப்பழ அல்வா கிண்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பாது. ஆனால் கருப்பட்டியை உடைத்து நேரே சட்டியில் போட்டால் மண்ணும் தூசியும் சேர்ந்தே வரும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பழக்கூழை முதலில் தனியாக நெய்யில் கிளற வேண்டும். பச்சை வாடை போய், கூழ் சுருண்டு நிறம் மாறிய பிறகே பாகை ஊற்ற வேண்டும். முன்கூட்டி ஊற்றினால் கை வலிக்கக் கிளறியும் இறுகாது. ஒரு கிலோ கூழுக்கு அரைக் கிலோ கருப்பட்டி எனக்குச் சரியாக இருக்கிறது. அடிகனமான உருளியில், சிறு தீயில், ஓரத்தில் நெய் பிரிந்து கரண்டியோடு மொத்தமாக எழும்பி வரும்போது இறக்குங்கள். அதற்கு முன்னால் இறக்கினால் இரண்டாம் நாளே நீர் விடும்.

ஜாமைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைப்பது

மாங்காய், நெல்லிக்காயில் இருக்கிற புளிப்பு வாழைப்பழத்தில் கிடையாது. கிருமியைத் தடுக்கிற புளிப்பு இல்லாத பழத்தை, சர்க்கரையையும் குறைத்துப் பாட்டிலில் அடைத்து வெளியே வைப்பது ஆபத்து. எலுமிச்சைச் சாறு சேருங்கள். சேர்த்தாலும் பிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். விற்பனைக்குச் செய்ய ஆசைப்பட்டால் நம் ஊகத்தில் அளவு போடக் கூடாது. திருச்சி தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழையில் மதிப்புக்கூட்டிய பொருள் செய்யப் பயிற்சி கொடுக்கிறார்கள். விசாரித்துவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

அந்த இரண்டு பெண்களின் டப்பாவை அன்றைக்கே எங்கள் மாடியில் கொட்டிப் பரப்பினோம். அடைத்து ஓர் இரவுதான் ஆகியிருந்தது, பூசணம் இன்னும் பிடிக்கவில்லை. இன்னும் ஒன்றரை நாள் வெயில் பிடித்தது. இப்போது அது இரண்டு கண்ணாடி ஜாடிகளில் என் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. இன்றோடு நாலாவது நாள். காலையில் குலுக்கிப் பார்த்தேன், வில்லைகள் ஒட்டாமல் கலகலவென்று உருண்டன. கண்ணாடியில் ஆவி இல்லை. இன்னும் மூன்று நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.