மூடுபனிக் காலையில் பனி கோத்த சிலந்தி வலையைப் படமெடுப்பது

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்து உள்நாட்டு மேட்டுப் பகுதியில், ஹில்டன், ஹோவிக் ஊர்கள் பக்கம், கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் மார்ச் முதல் மே வரை இதற்கு நல்ல பருவம். வட்டவலைச் சிலந்திகள் நன்கு வளர்ந்திருக்கும், புல்லும் உயரமாக நிற்கும். டர்பனிலிருந்து வருபவர்கள் N3 நெடுஞ்சாலையில் விடியுமுன் கிளம்ப வேண்டும். ஹில்டன் ஏற்றத்தில் மூடுபனி கண்ணை மறைக்கும் என்பதால் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவு வானம் தெளிவாகவும் காற்றின்றியும் இருந்தால் வலையில் பனித்துளி நன்றாகக் கோத்திருக்கும். ஏப்ரலில் சூரியன் ஆறே கால் மணி வாக்கில் எழும். அரை மணி முன்பே இடத்தில் இருங்கள்; வெயில் ஏறிவிட்டால் துளிகள் வேகமாகக் காய்ந்துவிடும். பண்ணை வேலிக் கம்பிகளுக்கு நடுவிலும் புல் நுனிகளிலும் தேடுங்கள். வேலிக்கு உள்ளே போக உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஈரப் புல்லில் உண்ணி ஏறும். அது கடித்தால் காய்ச்சல் வரக்கூடும் என்பதால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். பஃப் ஆடர் பாம்பு அசையாமல் கிடக்கும், காலடியைப் பார்த்து வையுங்கள்.

லென்ஸைவிடப் பின்னணிதான் முக்கியம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெள்ளை மூடுபனிக்கு எதிரே வெள்ளை நூல் தெரியவே தெரியாது. பைன் தோப்பின் நிழல், மரத்தடி இருட்டு, மேட்டின் கரிய சரிவு என ஏதாவது இருண்ட பரப்பு வலைக்குப் பின்னே தொலைவில் இருக்கட்டும். வலைக்கு அப்பாலிருந்து, சற்றே பக்கவாட்டில் ஒளி வரும்படி நின்றால் ஒவ்வொரு துளியும் மின்னும். சூரியன் கிழக்கில் எழுந்து இங்கே வடக்கு நோக்கி நகரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்: துளிகள் எரிந்த வெண்புள்ளிகளாகிவிடும்.

பெரும்பாலான படங்கள் கெடுவது ஃபோகஸில்தான். முப்பது சென்டிமீட்டர் வலை முழுவதையும் ஃபுல்ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் எஃப் 8 துளை அளவில் எடுத்தால் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். சில துளிகளை மட்டும், சென்சாரில் அவற்றின் உண்மை அளவில் பாதியாக விழும்படி நெருங்கி எடுத்தால் அந்த ஆழம் வெறும் மூன்று மில்லிமீட்டர். எனவே சென்சாரும் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) வலையும் இணையாக இருக்க வேண்டும். முதலில் வலையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்; அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப ட்ரைபாட் தலையைச் சாய்த்துவிட்டு, திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஆட்டோஃபோகஸ் நூலை விட்டுப் பின்னாலிருக்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும். ட்ரைபாட் கால் வலையைத் தாங்கும் புல்லில் பட்டால் துளிகள் கொட்டிவிடும், ஆகவே ஒவ்வொரு காலையும் தனித்தனியாகப் பார்த்து ஊன்றுங்கள்.

தொடக்கத்துக்கு 90 அல்லது 105 மில்லிமீட்டர் மேக்ரோ (மிக நெருங்கி எடுக்கும்) லென்ஸ், எஃப் 8 முதல் எஃப் 11, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, இரண்டு வினாடி டைமர். துளி சுமந்த வலை மெல்லிய மூச்சுக்கும் ஆடும். ஆடினால் ஷட்டர் வேகத்தை 1/250 வினாடிக்கு ஏற்றி, ஐஎஸ்ஓவை 1600 வரை கூட்டுங்கள். குடையைக் காற்று வரும் பக்கம் விரித்துப் பிடிப்பதும் உதவும். இருண்ட பின்னணியில் கேமரா வெளிச்சத்தை அதிகமாக்கிவிடும், ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் குளிரூட்டியில் லென்ஸ் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோயிருந்தால், வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து பூத்துப்போகும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். பையிலேயே வைத்து இருபது, முப்பது நிமிடம் வெளிவெப்பத்துக்குப் பழக விடுங்கள்.

கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் வலையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்ச அளவைக் கீழே இழுத்தால் போதும். துளி போதவில்லையே என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். தெளித்த நீர் கோணல்மாணலான பெரிய சொட்டுகளாக விழும், வலையும் கிழியும். பட்டு நூலால் வலை கட்ட அந்தச் சிலந்திக்கு உணவும் உழைப்பும் செலவாகிறது. வெயில் வந்து காய்ந்தபின் அவ்வலையில் அது இரை பிடிக்க வேண்டும்.