மெலோவா வேடா: 2003 பேட்ச்சை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

கார்மெலோ ஆந்தனி பெரிய ஆளா, ட்வெய்ன் வேட் பெரிய ஆளா என்று கூடைப்பந்து பார்க்கிற நாலு பேர் கூடிப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. நானும் பல வருஷம் மெலோ பக்கம் நின்று கத்தியவன்தான். 2003 என்பிஏ டிராஃப்டில், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சியில், லெப்ரான் ஜேம்ஸ் முதலாவது, டார்கோ மிலிசிச் இரண்டாவது, மெலோ மூன்றாவது, க்றிஸ் பாஷ் நான்காவது, வேட் ஐந்தாவது. எல்லோரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒப்பிடுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். அந்த நினைப்பில்தான் முதல் தவறு இருக்கிறது.

சேர்ந்த நாள் ஒன்று, வயசு ஒன்றில்லை. லெப்ரான் பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக வந்தபோது 18. மெலோவும் பாஷும் கல்லூரியில் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு வந்த 19 வயசுப் பையன்கள். வேடுக்கு 21, அதுவும் கல்லூரி நாட்களிலேயே முழங்கால் ஜவ்வில் அறுவை சிகிச்சை ஆனவர். போதாததற்கு, கூட்டத்துக்குள் புகுந்து விழுந்து எழுந்து ஆடுகிற ஆட்டம் அவருடையது. 'வேட் சீக்கிரம் தேய்ந்துவிட்டார், லெப்ரான் இன்னும் ஓடுகிறாரே' என்கிறவர்கள் இந்தக் கிட்டத்தட்ட மூணு வருஷ வித்தியாசத்தையும் அந்த முழங்காலையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அடுத்தது மொத்த சராசரி. மெலோவுக்கு ஆட்டத்துக்கு 22.5 பாயிண்ட், வேடுக்கு 22. இதை வைத்து 'ரெண்டு பேரும் ஒண்ணுதான்' என்று நானே சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதே வேட் ஆட்டத்துக்கு 5.4 அசிஸ்ட் (கூட ஆடுபவர் பாயிண்ட் எடுக்கக் கொடுக்கிற பாஸ்), மெலோ 2.7. போட்டதில் உள்ளே விழுந்தது வேடுக்கு 48 சதவீதம், மெலோவுக்கு 45-க்குக் கொஞ்சம் கீழே. அப்புறம் சராசரி என்பது கடைசிக் காலத்தையும் சேர்த்துக் கலக்கிவிடுகிற சமாச்சாரம், பெஞ்சில் இருந்து எழுந்து வந்து ஆடிய மெலோவும் 2012-13இல் லீகிலேயே அதிகப் பாயிண்ட் சராசரி வைத்த மெலோவும் அதில் ஒரே ஆள். யாருடைய உச்சம் பெரியது என்று கேட்டால் உச்சத்தைத்தான் எடுத்துப் பார்க்கணும். வேடின் 2008-09ஐ எடுங்கள்: சராசரி 30.2, ஒரே சீசனில் 2,000 பாயிண்ட், 500 அசிஸ்ட், 100 ஸ்டீல் (எதிரணியிடம் பந்தைப் பறிப்பது), 100 பிளாக் (எறிந்த பந்தைத் தடுப்பது). அதற்கு முன்னால் யாரும் செய்ததில்லை. நான் கட்சி மாறியது அந்த வரியைப் பார்த்துத்தான்.

சரி, கோப்பைக் கணக்குக்கு வருவோம், சண்டை சூடாவது இங்கேதான். வேடுக்கு 3 மோதிரம் (கோப்பை ஜெயித்தால் கிடைப்பது), மெலோவுக்கு ஒன்றுமில்லை, முடிந்தது கதை என்பார்கள். 2006 ஃபைனல்ஸில் டாலஸிடம் முதல் 2 ஆட்டம் தோற்ற தன் அணி மயாமியை அடுத்த 4 ஆட்டமும் ஜெயிக்க வைத்தவர் வேட், அந்தத் தொடரில் அவர் சராசரி 34.7. அதை யாரும் குறைக்க முடியாது. ஆனால் 2004இலேயே மலை மாதிரி ஆளான நட்சத்திர ஆட்டக்காரர் ஷாக்கில் ஓ'நீல் மயாமிக்கு வந்துவிட்டார் என்பதையும் சொல்லணும் இல்லையா? மெலோவை எடுத்த டென்வர் அணியில் அவருக்கு அப்படி ஒரு மலை வாய்க்கவில்லை. அவர் வருவதற்கு முந்தைய சீசனில் 17 ஆட்டம் மட்டுமே ஜெயித்திருந்த அணி, அவர் வந்த வருஷமே 43 ஜெயித்து, கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப் போனது. தொடர்ந்து 5 வருஷம் முதல் சுற்றிலேயே வெளியேறியது என்பதும் உண்மைதான், அதை மறைக்கிற மெலோ ரசிகர்களை நம்பாதீர்கள்.

மோதிரத்தை எண்ணுகிறவர்கள் பார்க்கவே பார்க்காத ஒரு சங்கதி ஒப்பந்தம். 2006இல் இந்த நாலு பேரும் தங்கள் அணிகளோடு ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். லெப்ரான், வேட், பாஷ் மூவரும் 2010 கோடையில் வெளியே வர முடிகிற மாதிரி சின்னதாகப் போட்டுக்கொண்டார்கள். மெலோ மட்டும் நீளமாகப் போட்டார், அவர் கட்டு அவிழ்வது 2011இல்தான். 2010இல் மற்ற மூவரும் மயாமியில் ஒன்று சேர்ந்தபோது அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்கவே இல்லை. மயாமி அடுத்த 4 வருஷமும் ஃபைனல்ஸ் போய் 2012, 2013 இரண்டையும் ஜெயித்தது. வேடின் 3 மோதிரத்தில் 2 அங்கிருந்து வந்தவை. இதில் திறமைக்கு எவ்வளவு, ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு?

டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த அணி டெட்ராய்ட், 'அது மட்டும் டார்கோவை விட்டு மெலோவை எடுத்திருந்தால்' என்கிற வாதத்தில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். டார்கோ பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த அந்த 2004இல் டெட்ராய்ட் கோப்பையை ஜெயித்தது. மெலோ வந்திருந்தால் அதே இடத்தில் ஆடிய டேஷான் பிரின்ஸுக்கு நேரம் குறைந்திருக்கும், பிரின்ஸின் தடுப்பாட்டம் இல்லாமல் அந்த அணி அப்படியே ஜெயித்திருக்கும் என்று யார் சொன்னது?

கடைசியாக, பாயிண்ட் குறைந்தால் ஆள் குறைந்துவிட்டான் என்று முடிவு கட்டுவது. பாஷுக்கு டொராண்டோவில் கடைசி சீசனில் சராசரி 24, மயாமியில் முதல் சீசனில் 18.7. 'லெப்ரான் முதுகில் ஏறி வந்தவர்' என்று அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. 2013 ஃபைனல்ஸ் 6ஆவது ஆட்டம், மயாமி 3 பாயிண்ட் பின்னால், லெப்ரான் எறிந்தது வெளியே தெறிக்கிறது, கோப்பை கையை விட்டுப் போகிற அந்த நொடியில் ரிபவுண்டைப் பிடித்து மூலைக்கு ஓடிய ரே ஆலனிடம் கொடுத்தது பாஷ். ஆலன் போட்ட மூன்று பாயிண்ட் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில், கோப்பையை ஜெயித்த அந்த 7ஆவது ஆட்டத்தில், ஸ்கோர் அட்டையில் பாஷ் பெயருக்கு நேரே பாயிண்ட் 0.