ஹோம்பிரூ ஆட்டத்துக்கு விடிடி தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோல்பிளேயிங் ஆட்டத்தை ஆன்லைனில் நடத்த மேப்பையும் பகடையையும் திரையில் தரும் மென்பொருளான விர்ச்சுவல் டேபிள்டாப், அதாவது விடிடி, தேடும் ஜிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) பெரும்பாலும் முதலில் பார்ப்பது மேப்பைத்தான். சுவருக்குப் பின்னால் இருட்டாகிறதா, தீப்பந்தம் மினுங்குகிறதா, மழை பெய்கிறதா. டெமோ வீடியோக்களும் அதைத்தான் காட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர் அப்படித் தேர்ந்தெடுத்தால் பெரிய நஷ்டமில்லை. பிரபலமான விடிடிகளில் அந்த ஆட்டத்துக்கான கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் திறன்களையும் எண்களையும் குறிக்கும் தாள்) ஏற்கெனவே தயாராக இருக்கும். ஹோம்பிரூ, அதாவது சொந்தமாக விதி எழுதி ஆடுபவருக்குச் சிக்கல் வருவது ஷீட்டிலும் பகடையிலும்தான்.

உங்கள் விதி இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலிமை எத்தனையோ அத்தனை ஆறுமுகப் பகடை. 5 அல்லது 6 விழுந்தால் ஒரு வெற்றி. 6 விழுந்தால் இன்னொரு பகடை கூடுதலாக உருட்டலாம். காயம் பட்டிருந்தால் ஒரு பகடை குறையும். உருட்டுவதும் வெற்றிகளை எண்ணுவதும் ஃபவுண்ட்ரி என்ற விடிடியில் ஒரே வரிக் கட்டளை. ஆனால் காயத்தைப் பார்த்துத் தானாகவே ஒரு பகடையைக் கழிக்க வேண்டுமென்றால் அது ஷீட்டின் வேலை. ரோல்20 என்ற இன்னொரு விடிடியில் சொந்த ஷீட் வேண்டுமென்றால் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்ற வலைப்பக்க மொழிகளை எழுதத் தெரிய வேண்டும், கூடவே உயர்நிலைச் சந்தாவும் வேண்டும். ஃபவுண்ட்ரியில் கஸ்டம் சிஸ்டம் பில்டர் என்று இலவசமாக ஒன்று கிடைக்கிறது. அதில் நிரல் எழுதாமலே கட்டங்களை அடுக்கி, சூத்திரம் போட்டு ஷீட் செய்துவிடலாம். எதை வாங்குவதாக இருந்தாலும் உங்கள் விதிகளிலேயே விசித்திரமானதை எடுத்து, அது அங்கே ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள். சாதாரண விதிகள் எங்கும் ஓடும்.

சரி, ஓடுகிறது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் தானியங்கியாக்கும் ஆசை வரும். இதில்தான் ஹோம்பிரூ ஜிஎம்களின் நேரம் அதிகம் வீணாகிறது என்பேன். விதி இன்னும் வாராவாரம் மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். அப்புறம், திருத்தச் சோம்பல்பட்டு மோசமான விதியையே வைத்துக்கொள்வீர்கள். ஆரம்பத்தில் ஔல்பேர் ரோடியோ என்ற எளிய விடிடி போதும். பிரவுசரில் திறந்து, ஒரு படத்தைப் போட்டு, டோக்கனை (பாத்திரத்தைக் குறிக்கும் காயை) நகர்த்தலாம். ஷீட்டுக்கு ஒரு கூகுள் ஷீட்ஸ். விதி நிலைத்த பிறகு பெரிய மென்பொருளுக்குப் போகலாம்.

விலையை மட்டும் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ஃபவுண்ட்ரிக்கு ஒரே தடவை 50 டாலர். ஜிஎம் வாங்கினால் போதும், மற்றவர்கள் சும்மா சேரலாம். மலிவுதான். ஆனால் அது உங்கள் கணினியிலேயே ஓடுவதால் வெளியிலிருந்து நண்பர்கள் அதற்குள் வர வழி வேண்டும். வழக்கமான யோசனை ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை உங்கள் கணினிக்குத் திருப்பிவிடுவது. ஆனால் நம் ஊர் வீட்டு இணைப்புகளில் பல சிஜிநாட் (CGNAT) என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே ஐபி முகவரி என்பதால் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பலன் இருக்காது. கிளவுட்ஃபிளேர் டனல் போல ஒரு சுற்றுவழி அமைக்க வேண்டும், இல்லையென்றால் மாதக் கட்டணத்துக்கு ஹோஸ்டிங் எடுக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் இலவச டெமோவைப் பார்ப்பதோடு, உங்கள் இணைப்பு எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேம்பெயின் (பல அமர்வுகள் தொடரும் ஆட்டம்) நடுவில் ஃபவுண்ட்ரியின் புதிய பெரிய பதிப்புக்கு மாறாதீர்கள். மாட்யூல்கள், அதாவது அதில் சேர்த்த துணை நிரல்கள், உடையும். மாறியே ஆக வேண்டுமென்றால் முதலில் பேக்கப்.

பெரிய நிறுவனம் செய்தது, நிலைத்து நிற்கும் என்று நம்பி உங்கள் உலகம் முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பதும் வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2025 பிப்ரவரியில் சிஜில் என்ற முப்பரிமாண விடிடியை வெளியிட்டது. அடுத்த மாதமே அந்தக் குழுவில் பெரும்பாலானோரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. ஊர், பாத்திரம், விதி பற்றிய குறிப்புகளை உங்களிடமே சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக வைத்திருங்கள்.

கடைசியாக, ஆட வருபவர்கள் எதில் வரப்போகிறார்கள் என்று கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐந்து பேரில் இரண்டு பேரிடம் போன் மட்டும்தான் இருக்கும். ஃபவுண்ட்ரி போன் திரையை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. அந்த இரண்டு பேருக்காக டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஒரு பாட் (bot) வைத்துப் பகடை உருட்டுவதும், மேப்பை ஜிஎம் ஸ்கிரீன் ஷேர் செய்வதும் மோசமான ஏற்பாடு ஒன்றுமில்லை.