தூக்கம் வராதவர்கள் செய்யும் தவறுகள்: சீக்கிரம் படுப்பது முதல் மெலடோனின் வரை

ஒரு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் மறுநாள் என்ன செய்கிறோம்? காலையில் தாமதமாக எழுகிறோம். மதியம் கொஞ்சம் கண்ணயர்கிறோம். இரவு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே படுத்துவிடுகிறோம். மூன்றும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நாலைந்து நாளில் தானாகச் சரியாகியிருக்க வேண்டிய தூக்கக்கேடு மாதக்கணக்கில் இழுப்பதற்கு இந்த மூன்றும் பெரிய காரணம்.

விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதைத் தூக்கப் பசி என்று வைத்துக்கொள்ளலாம். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணிக்கு 16 மணி நேரப் பசி இருக்கும். 9 மணிக்கு எழுந்து, மதியம் ஒரு மணி நேரம் தூங்கி, இரவு 9 மணிக்கே படுப்பவருக்கு 11 மணி நேரப் பசிதான் சேர்ந்திருக்கும். நொறுக்குத் தீனியால் வயிற்றை நிரப்பிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்காருவதைப் போல.

ஆகவே முதலில் பிடிக்க வேண்டியது எழும் நேரத்தை, படுக்கும் நேரத்தை அல்ல. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். விடுமுறை நாளிலும் அரை மணிக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் வெளியே வெளிச்சத்தில் இருங்கள். உடல் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்வது காலை வெளிச்சத்தை வைத்துத்தான். வீட்டுக்குள் எவ்வளவு விளக்கு போட்டாலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே அது ஆயிரங்களில் இருக்கும். தூக்கமின்மை உள்ளவர்கள் பகல் தூக்கத்தை அறவே விடுவது நல்லது. முடியவே இல்லை என்றால் 3 மணிக்கு முன், 20 நிமிடம், அலாரம் வைத்து.

படுக்கையில் கிடப்பதெல்லாம் தூக்கமாகாது

தூங்கும் நேரத்தைக் கூட்ட, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. உண்மையில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. 1987இல் தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மனும் அவரது குழுவினரும் முன்வைத்த தூக்கக் கட்டுப்பாட்டு முறை இதைத்தான் சொல்கிறது.

ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுகிறார். படுக்கையில் 9 மணி நேரம். இரண்டு வாரம் குறித்து வைத்துப் பார்த்தால் சராசரியாகத் தூங்குவது 6 மணி நேரம். அதாவது 67 சதவீதம். மீதி 3 மணி நேரம் புரளல். இவர் 6 மணிக்கு எழுவது என்று முடிவு செய்தால், இரவு 12 மணிக்கு முன் படுக்கைக்குப் போகக் கூடாது. முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் சிதறிக் கிடந்த தூக்கம் அந்த 6 மணி நேரத்துக்குள் ஒன்றுசேரத் தொடங்கும். வாரச் சராசரி 85 சதவீதத்தை, இவர் கணக்கில் 5 மணி 6 நிமிடத்தைத் தாண்டினால், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவரலாம்: 11:45. அடுத்த வாரமும் தேறினால் 11:30. பகலில் தெளிவாக இருக்கும் அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

இதிலும் தவறு நேரும். உண்மையில் 4 மணி நேரம்தான் தூங்குகிறேன் என்று படுக்கையில் இருக்கும் நேரத்தையும் 4 மணி நேரமாக்கக் கூடாது. ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். இரண்டு நல்ல இரவு வந்த உடனே ஒரு மணி நேரம் கூட்டிவிடுவதும் தவறு, பழைய புரளல் திரும்பிவிடும். முதல் சில வாரங்களில் பகலில் கண் சொக்கும். அப்போது வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் மருத்துவர் துணையில்லாமல் இதைத் தொடவே கூடாது.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால்

கண் திறந்ததும் கை முதலில் தேடுவது போனை. மணி 3:10. "இன்னும் மூணு மணி நேரம்கூட இல்லையே" என்று மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. அந்தக் கணக்குதான் தூக்கத்தைக் கலைக்கிறது, விழிப்பு அல்ல. நடு இரவில் ஓரிரு முறை விழிப்பது யாருக்கும் இயல்பு. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். போனை அலாரத்தோடு கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள்.

தூக்கம் வராமலே கிடந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடும். சோபாவில் சொக்கி விழுபவர்கள் மெத்தையில் தலை வைத்ததும் முழுசாக விழித்துக்கொள்வது இதனால்தான். 1972இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த வழி எளிமையானது: சுமார் 15, 20 நிமிடம் ஆனது போலத் தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். மணி பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும். மங்கலான வெளிச்சம், விறுவிறுப்பில்லாத புத்தகம். திரும்பப் போக வேண்டியது கண்ணிமை கனத்த பிறகுதான். களைப்பு வேறு, தூக்கம் வேறு: உடம்பு அசந்திருக்கும், கண்ணில் தூக்கமே இருக்காது. களைப்பை நம்பிப் படுத்தால் மறுபடி புரளல்தான்.

நாளைய வேலைகள் மண்டையைக் குடைந்தால், படுக்கும் முன் 5 நிமிடம் காகிதத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எழுதி வைத்துவிடுங்கள்.

'இயற்கை' என்ற சொல்லை நம்பி

'இயற்கையானது' என்று நம்பி மெலடோனின் ஹார்மோனைத் தூக்க மாத்திரையாக நினைப்பது பரவலான தவறு. அது தூங்க வைக்கும் மருந்து அல்ல, இருட்டிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் செய்தி. வழக்கமான தூக்க நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே உடல் அதைச் சுரக்கத் தொடங்குகிறது. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகும், உடல் கடிகாரமே பின்தங்கியவர்களுக்கும் உதவும். கவலையால் புரள்பவருக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மறுநாள் மந்தம்தான் மிஞ்சும். வலேரியன் என்ற மூலிகை வேருக்கும் வலுவான ஆதாரம் இல்லை. அதைத் தூக்க மாத்திரையோடு சேர்த்து எடுப்பது ஆபத்து.

மது சீக்கிரம் கண்ணை அயர வைக்கும். பின்னிரவில் அதன் வேகம் இறங்கும்போது தூக்கம் துண்டு துண்டாக உடையும்.

காபி விஷயத்தில் "எனக்கு ஒன்றும் செய்யாது" என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். காபியில் உள்ள கஃபைன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால் 9 மணிக்கு 50, அதிகாலை 2 மணிக்கும் 25 மில்லிகிராம் உடலில் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் மெதுவாகவே வெளியேறும். கஃபைன் அடினோசினைக் குறைப்பதில்லை. அது உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. தூங்கிவிட்டாலும் ஆழம் குறைவதால், காலையில் எழுந்ததும் இன்னொரு காபி தேவைப்படுகிறது. நண்பகலோடு நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள்.

வெந்நீர்க் குளியல் நல்ல வழி, நேரம்தான் தவறுகிறது. குளித்த ஈரத்தோடு படுத்தால் உடல் இன்னும் சூடாகவே இருக்கும். 40 முதல் 42 டிகிரி நீரில் 10 நிமிடம், படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு. கை, கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து சூடு வெளியேறி, உள்வெப்பம் இறங்கும்போதுதான் தூக்கம் வரும்.

மூச்சுப் பயிற்சியையும் தசை தளர்த்தலையும் தூக்கம் வராத நேரத்தில் முதன்முதலாக முயல்வது பயன் தராது. "வேலை செய்கிறதா?" என்று பார்த்துக்கொண்டே செய்தால் அதுவே பதற்றம். பகலில் 10 நிமிடம் பழகுங்கள்: பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் 5 நொடி இறுக்கி, 20 நொடி தளர விடுங்கள். இரண்டு வாரம் பழகிய பிறகு படுக்கைக்குக் கொண்டுவாருங்கள்.

எப்போது மருத்துவரிடம்?

ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அளவை மருத்துவர் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி இருந்தால் எந்தப் பழக்கமும் போதாது. அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். படுத்ததும் கால் குடைந்து அசைத்தால்தான் நிம்மதி என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணம். வாரத்துக்கு மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு மாத்திரைக்கு முன், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. மேலே சொன்ன படுக்கை விதிகள் அதன் பகுதிகளே.

போகும்போது இரண்டு வாரக் குறிப்பைக் கொண்டுபோங்கள்: படுத்த நேரம், தூங்க ஆன உத்தேச நேரம், எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, மது, மாத்திரை. காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும், இரவில் எழுத வேண்டாம்.